அளவுகோல் சட்டமும் அலமாரிச் சரக்கும்

பலசரக்குக் கடைக்காரருக்கும் கைத்துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் விற்பது அரிசியும் பருப்பும் எண்ணெயும், துப்பாக்கி அல்ல. ஆனால் ஒரு சரக்கை விற்கலாமா கூடாதா என்பதை அதன் நீளத்தையோ தடிமனையோ அளந்து தீர்மானிக்கும் சட்டங்கள் நம் கடை வாசலுக்கும் வந்துவிட்டன. பிளாஸ்டிக் பைக்கு வந்த மைக்ரான் கணக்கை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட சட்டம் எப்படி எழுதப்பட்டால் வியாபாரி தாங்குவார், எப்படி எழுதப்பட்டால் நொடிந்துபோவார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், சிறு கைத்துப்பாக்கிகளின் குழல் நீளம் பற்றி மூன்று வெளிநாடுகள் போட்ட சட்டங்களைக் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும். அங்கே அளவும் தேதியும் தெளிவாகப் பதிவாகியிருக்கின்றன. கோடு போட்ட பிறகு அது எப்படியெல்லாம் நகர்ந்தது என்பதும் தெரிகிறது.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அளவு வைத்துச் சட்டம் போடுவது தவறல்ல. ஆனால் அந்த அளவை எப்படி எடுப்பது, எந்தத் தேதியிலிருந்து, அலமாரியில் இருக்கும் சரக்கு என்ன ஆவது, எல்லோருக்கும் ஒரே அளவுதானா என்ற நான்கு கேள்விகளுக்கும் சட்டமே பதில் சொல்ல வேண்டும். வியாபாரியும் தம் பங்குக்கு, கோட்டின் ஓரத்தில் நிற்கும் சரக்கை நம்பி முதல் போடக் கூடாது.

குழலை ஏன் அளக்கிறார்கள்?

துப்பாக்கியில் குழல் என்பது தோட்டா வெளியேறும் இரும்புக் குழாய். குழல் நீண்டால் தோட்டாவுக்கு வேகம் கூடும். குறி பார்ப்பதும் எளிதாகும். குழல் குறுகினால் இரண்டும் குறையும். அப்படியானால் நீளத் துப்பாக்கியைக் கண்டல்லவா அரசாங்கங்கள் அதிகம் அஞ்ச வேண்டும்? குட்டைத் துப்பாக்கியைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம், அதை மறைத்து வைக்க முடியும் என்பதுதான். நீண்ட வேட்டைத் துப்பாக்கியோடு ஒருவன் கடைக்குள் நுழைந்தால் தெருவே பார்க்கும். சட்டைக்குள் அடங்கிவிடும் துப்பாக்கியோடு வருகிறவனை, அவன் அதை வெளியே எடுக்கும் வரை கல்லாவில் இருப்பவர் அறிய வழியில்லை. ஆகவே குழலை அளக்கும் சட்டம் உண்மையில் அளப்பது துப்பாக்கியின் சக்தியை அல்ல. அதை ஒளித்து வைக்கும் வசதியை.

நம் நாட்டுச் சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அதற்கென்று லைசென்ஸ் பெறாமல் எந்தத் துப்பாக்கியின் குழலையும் குறுக்கக் கூடாது என்கிறது. லைசென்ஸ் பெற்று வைத்திருக்கும் துப்பாக்கியே ஆனாலும், குழலை அறுத்துவிட்டால் அது வேறு பொருளாகிவிடுகிறது என்பது இதன் பொருள்.

இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது. உயிர் காக்கும் காரியத்தில் வியாபாரம் இரண்டாவதுதான். கேள்வி எழுவது, கோட்டை எங்கே போடுவது என்ற இடத்தில்தான்.

கனடா: 105 மில்லிமீட்டர்

1989 டிசம்பர் 6 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் எக்கோல் பாலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரியில் ஒருவன் சுட்டதில் 14 பெண்கள் உயிரிழந்தார்கள். அவன் கொண்டுவந்தது நீளத் துப்பாக்கி. ஆனால் அந்தத் துயரத்துக்குப் பிறகு துப்பாக்கிச் சட்டம் முழுவதையும் இறுக்க வேண்டும் என்ற குரல் அந்த நாட்டில் வலுத்தது. அதன் விளைவாக 1995 பிப்ரவரி 14 அன்று புதிய மசோதா தாக்கலாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. 1998 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

குழல் நீளம் 105 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ உள்ள கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டவை என்றது அந்தச் சட்டம். .25, .32 காலிபர் தோட்டா போடும் கைத்துப்பாக்கிகளும் அப்படியே. சர்வதேசத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் பயன்படும் சில குறிப்பிட்ட வகைகளுக்கு மட்டும் விலக்கு.

இந்த 105 எவ்வளவு பேரைத் தொட்டது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 அங்குலம் என்பது 101.6 மில்லிமீட்டர். ஆகவே 4 அங்குலக் குழல் உள்ள ரிவால்வர் அத்தனையும் தடைக்குள் போயிற்று. சட்டைப் பைக்குள் போகும் குட்டித் துப்பாக்கி மட்டுமல்ல, பல நாடுகளில் போலீஸ்காரர் இடுப்பில் இருந்த நடுத்தர அளவுத் துப்பாக்கியும் அதில் அடங்கிவிட்டது. 4¼ அங்குலம் என்றால் சுமார் 108 மில்லிமீட்டர், அது தப்பியது. கால் அங்குலத்தில் ஒரு சரக்கு விற்கத்தக்கதாகவும் இன்னொன்று விற்கத் தகாததாகவும் ஆனது.

எப்படி அளப்பது என்பதையும் அவர்கள் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இதை நாம் பாராட்ட வேண்டும். ரிவால்வராக இருந்தால், குழலின் வாயிலிருந்து தோட்டா உருளைக்கு முன்பாகக் குழல் முடியும் இடம் வரை. மற்றவற்றில், குழல் வாயிலிருந்து தோட்டா அறையையும் சேர்த்து. தீப்பொறியை மறைக்கவோ அதிர்வைக் குறைக்கவோ குழல் முனையில் மாட்டும் உபரிப் பாகங்கள் கணக்கில் வராது. இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டால், அதிகாரி ஒரு விதமாகவும் கடைக்காரர் ஒரு விதமாகவும் அளந்துகொண்டு வாக்குவாதம் செய்ய இடமில்லை. ஒரு நீளக் குச்சியும் ஒரு அளவுகோலும் போதும்.

பழைய சரக்குக்கு வழி

ஏற்கனவே முறைப்படி பதிவு செய்து வைத்திருந்தவர்களை அந்தச் சட்டம் குற்றவாளி ஆக்கவில்லை. அவர்கள் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். அதே தகுதி உள்ள இன்னொருவருக்கு விற்கவும், அவரிடமிருந்து வாங்கவும் அப்போது வழி இருந்தது. 1946க்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கியாக இருந்தால் கணவன் மனைவி, உடன்பிறந்தவர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகிய நெருங்கிய உறவினர் பெறவும் வழி வைத்தார்கள். புதிதாக யாரும் இந்த வட்டத்துக்குள் நுழைய முடியாது. ஆண்டு ஆக ஆக வட்டம் தானாகச் சுருங்கும். ஒரே நாளில் கதவை அடைக்காமல், கூட்டம் வெளியேறும் வரை காத்திருந்து அடைப்பது போன்ற ஏற்பாடு இது.

ஆனால் தேதியில் ஒரு சிக்கல் வந்தது. மசோதா தாக்கலான 1995 பிப்ரவரி 14தான் முதலில் கணக்குத் தேதியாக வைக்கப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 1998 டிசம்பர் 1. இடையில் மூன்றே முக்கால் ஆண்டு. அந்தக் காலத்தில் பழைய சட்டப்படி முறையாக வாங்கியவர்கள் என்ன ஆவது? வாங்கிய நாளில் அது குற்றமில்லை. ஆனால் கணக்குத் தேதிக்குப் பிறகு வாங்கியதால் பாதுகாப்பும் இல்லை. 2003ல் நிறைவேறிய திருத்தச் சட்டம்தான் கணக்குத் தேதியை 1998 டிசம்பர் 1க்கு நகர்த்தி இந்த முடிச்சை அவிழ்த்தது. எட்டு ஆண்டுகள் பிடித்தன.

இதைப் படிக்கும் எந்த வியாபாரிக்கும் விஷயம் உடனே புரியும். அறிவிப்பு வந்த தேதி வேறு, அமலுக்கு வந்த தேதி வேறு என்றால், நடுவில் போட்ட பில் எல்லாம் தலைவலிதான். நல்ல எண்ணத்தோடு எழுதிய சட்டத்திலேயே ஒரு தேதிப் பிழை இவ்வளவு தொல்லை கொடுத்தது என்றால், தேதியைப் பற்றிக் கவலையே படாமல் எழுதும் உத்தரவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு மில்லிமீட்டர் வியாபாரம்

கோடு போட்ட உடனே கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் சரக்கு வரும். இது உலக வழக்கம். க்ளாக் 19 என்ற பிஸ்டலின் வழக்கமான குழல் 102 மில்லிமீட்டர். கனடாவில் அது தடை. உடனே கம்பெனிக்காரர்கள் கனடாவுக்கென்று 106 மில்லிமீட்டர் குழலோடு அதே பிஸ்டலைச் செய்தார்கள். 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒரு துவரம் பருப்பின் குறுக்களவு. சட்டப்படி அது தடைக்கு வெளியே.

இதைச் சொல்லி, அளவு வைத்த சட்டமே கேலிக்கூத்து என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. கோடு எங்கே போட்டாலும் அதன் ஓரத்தில் ஒன்று நிற்கத்தான் செய்யும். 106 மில்லிமீட்டர் துப்பாக்கி வந்துவிட்டதால் 83 மில்லிமீட்டர் குழல் உள்ள வால்தர் பி.பி.கே. போன்ற சட்டைப் பைத் துப்பாக்கி மறுபடி கடைக்கு வந்துவிடவில்லை. சட்டம் எதைத் தடுக்க நினைத்ததோ அதைத் தடுத்தது. தராசு முத்திரையில் ஒரு கிலோ எடைக்கல்லுக்கு இவ்வளவு வரை கூடக்குறைய இருக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்காக எடைக்கல்லே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் ஓரத்துச் சரக்கை நம்பி முதல் போட்டவருக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 2022 மே 30 அன்று, கைத்துப்பாக்கி விற்பனையையே உறைய வைக்கப் போவதாகக் கனடா அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்ததும் கடைகளில் வாங்குவோர் கூட்டம் பெருகியது. ஆகஸ்ட் 19 அன்று இறக்குமதிக்குத் தற்காலிகத் தடை வந்தது. அக்டோபர் 21 முதல் தனிநபர்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும், சில குறுகிய விலக்குகள் நீங்கலாக, நின்றுபோயின. 2023 டிசம்பர் 15 அன்று அதுவே சட்டமாகவும் ஆயிற்று. அதன் பிறகு புதிதாக வாங்க நினைக்கும் சாதாரண மனிதருக்கு 102 மில்லிமீட்டரும் ஒன்றுதான், 106 மில்லிமீட்டரும் ஒன்றுதான். ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்ற சரக்குக்கும் ஒரு நாள் காலம் முடிந்தது.

பிரிட்டன்: 30 சென்டிமீட்டரும் நஷ்ட ஈடும்

பிரிட்டனின் கதை இன்னும் கடுமையானது. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் ஒருவன் கைத்துப்பாக்கிகளோடு நுழைந்து 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் கொன்றான். அதற்குப் பிறகு அந்த நாடு 1997ல் ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள் போட்டது. முதல் சட்டம் .22 காலிபர் சிறு துப்பாக்கிக்கு மட்டும் இடம் விட்டது. மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. நவம்பரில் வந்த இரண்டாவது சட்டம் அந்த இடத்தையும் மூடிவிட்டது. .22தான் தப்பிவிட்டதே என்று நினைத்துச் சரக்கு எடுத்தவர் இருந்தால், ஓர் ஆண்டு கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அங்கே அளவு இரண்டு. குழல் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ அது தடை செய்யப்பட்ட துப்பாக்கி. கழற்றவோ மடக்கவோ கூடிய பின்கட்டையை மொத்த நீளத்தில் சேர்க்கக் கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். இந்த அளவுக்குள் எந்தச் சாதாரண கைத்துப்பாக்கியும் வராது. ஆனாலும் அங்கேயும் ஓரத்துச் சரக்கு வந்தது. 30 சென்டிமீட்டர் குழலும், பிடியின் பின்னால் கழற்ற முடியாதபடி பொருத்திய நீண்ட கம்பியும் வைத்து, மொத்தம் 60 சென்டிமீட்டரைத் தாண்டும் ரிவால்வர்களைச் செய்து விற்றார்கள். பார்க்க விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் அதை யாரும் சட்டைக்குள் மறைத்து வைக்க முடியாது. சட்டத்தின் நோக்கம் அதுதானே!

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது அடுத்த பகுதி. பிரிட்டன் அரசு சரக்கை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தது. 1996 அக்டோபர் 16 என்று ஒரு தேதி வைத்தார்கள். தடை செய்யப் போவதாக அரசு அறிவித்த நாள் அது. அன்றைக்கு முறைப்படி கையில் இருந்த துப்பாக்கிக்கும், அன்றைக்குள் வாங்க ஒப்பந்தம் செய்திருந்த துப்பாக்கிக்கும் நஷ்ட ஈடு உண்டு. தனிநபருக்கு மட்டுமல்ல, பதிவு பெற்ற துப்பாக்கி வியாபாரிக்கும் உண்டு. தோட்டாவுக்கும், அந்தத் துப்பாக்கிக்கே உரிய துணைச் சாமான்களுக்கும் கூட வழி வைத்தார்கள். மொத்தம் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன.

ஆனால் ஒன்றை அவர்கள் தரவில்லை. கடையில் இருந்த சரக்குக்குப் பணம் கிடைத்தது. போன வியாபாரத்துக்குக் கிடைக்கவில்லை. வாடிக்கையாளர், கடையின் பெயர், எதிர்கால வருமானம் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. துப்பாக்கி வியாபாரிகள் சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2000ஆம் ஆண்டு அந்த நீதிமன்றமும் அவர்களுடைய மனுவை ஏற்கவில்லை.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. சட்டம் மாறும்போது அலமாரியில் இருக்கும் சரக்குக்கு ஈடு கேட்பது அநியாயமான கோரிக்கை அல்ல. பெரிய நாடே அதைக் கொடுத்திருக்கிறது. அதே சமயம், இனி வரப்போகும் லாபத்துக்கு ஈடு கேட்டுப் பயனில்லை. எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று தெரிந்து கேட்டால்தான் மகஜருக்கு மதிப்பு இருக்கும்.

அமெரிக்கா: வெளிச் சரக்குக்கு ஒரு அளவு

அமெரிக்காவில் நடந்தது வேறு விதம். அங்கே 1934ல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தபோது, முதல் வரைவில் பிஸ்டலும் ரிவால்வரும் இருந்தன. நீளத் துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கி போல ஆக்கிவிடாமல் இருக்கக் குழல் நீளத்துக்கும் வரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் பிஸ்டலையும் ரிவால்வரையும் வரைவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் நீளத் துப்பாக்கிக்கு வைத்த வரம்பு அப்படியே நின்றுவிட்டது. முதலில் எல்லாவற்றுக்கும் 18 அங்குலம். 1960ல் ரைஃபிளுக்கு மட்டும் 16 அங்குலமாகக் குறைத்தார்கள். எதற்காகக் கோடு போட்டார்களோ அந்தப் பொருள் வெளியே போய்விட்டது. கோடு மட்டும் உள்ளே இருக்கிறது.

1968ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டிலேயே அங்கே இன்னொரு சட்டம் வந்தது. மலிவான குட்டித் துப்பாக்கிகள் வெளிநாடுகளிலிருந்து குவிவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதன்படி இறக்குமதிக்கு அளவு வைத்தார்கள். ரிவால்வர் என்றால் குழல் குறைந்தது 3 அங்குலம். பிஸ்டல் என்றால் நீளம் 6 அங்குலம், உயரம் 4 அங்குலம், இரண்டும் சேர்ந்து 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மேலே சொன்ன வால்தர் பி.பி.கே. உயரம் போதாமல் நின்றுவிட்டது. கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? தங்களிடமே இருந்த சற்றுப் பெரிய பி.பி. பிஸ்டலின் உடம்பில் பி.பி.கே.யின் மேல்பாகத்தைப் பொருத்தி, பி.பி.கே./எஸ். என்று பெயர் வைத்து அனுப்பினார்கள்.

வேடிக்கை இதில் இல்லை. இந்த அளவு இறக்குமதிக்கு மட்டும்தான். உள்நாட்டுத் தொழிற்சாலையில் அதைவிடக் குட்டையான துப்பாக்கியைச் செய்து விற்க இந்த அளவு தடை இல்லை. வெளிச் சரக்குக்கு ஒரு அளவு, உள்ளூர்ச் சரக்குக்கு வேறு அளவு. குட்டித் துப்பாக்கி ஆபத்து என்றால் எங்கே செய்தாலும் ஆபத்துதான். ஒருவருக்கு மட்டும் கோடு போட்டால், ஆபத்து குறைவதில்லை; வியாபாரம்தான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது.

நம் கடைக்கு வருவோம்

இனி நமது மைக்ரான் கணக்கைப் பார்ப்போம். பிளாஸ்டிக் கைப்பைக்கு 1999ல் மத்திய அரசு வைத்த குறைந்தபட்சத் தடிமன் 20 மைக்ரான். 2011ல் அது 40 ஆயிற்று. 2016ல் 50. 2021 செப்டம்பர் 30 முதல் 75. 2022 டிசம்பர் 31 முதல் 120. தமிழ்நாட்டிலோ 2019 ஜனவரி 1 முதல் தடிமன் எதுவானாலும் பிளாஸ்டிக் கைப்பையே கூடாது என்று ஆகிவிட்டது. கனடாவில் 105 மில்லிமீட்டர் கோடு கடைசியில் முழு உறைநிலையில் போய் முடிந்தது போலத்தான் இதுவும். கோடு போட்ட இடத்தில் நிற்பதில்லை. நகரும்போது பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் நகர்கிறது.

நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது. 75, 120 என்ற இரண்டு அளவுகளையும் மத்திய அரசு 2021 ஆகஸ்ட் மாதமே சேர்த்து அறிவித்தது. இரண்டாவது அளவுக்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. தமிழ்நாட்டுத் தடையும் 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ ஏழு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வந்தது. தேதி விஷயத்தில் இவை பரவாயில்லை.

அளக்கும் விஷயம்தான் மோசம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கனடாக் கடைக்காரர் அளவுகோலை வைத்து 105 மில்லிமீட்டரைப் பார்த்துவிடலாம். நம் கடைக்காரர் 40க்கும் 50க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கண்ணால் பார்ப்பார்? பையின் மேல் தயாரிப்பாளர் பெயரும் பதிவு எண்ணும் தடிமனும் அச்சிட வேண்டும் என்பது விதி. கடைக்காரர் அந்த அச்சை நம்பித்தான் வாங்க முடியும். அச்சு பொய்யாக இருந்தால் குற்றம் அச்சடித்தவருடையதா, நம்பி வாங்கியவருடையதா? சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் நுழைவது பஜாரில் இருக்கும் சிறு கடைக்குள்தான். பை செய்த இடம் எங்கேயோ இருக்கிறது.

சரக்கு விஷயமும் அப்படியே. பிரிட்டனில் துப்பாக்கிக் கடைக்காரருக்கே கையிருப்புக்குப் பணம் கிடைத்தது. நம் விதிகளில் மிஞ்சிய பைக்கட்டுக்கு ஈடு என்ற பேச்சே இல்லை. சில்லறைக் கடையில் அது சில நூறு ரூபாயாக இருக்கலாம். மொத்த வியாபாரிக்கு அது ஒரு கிடங்கு.

வழி இல்லாமல் இல்லை. மனம் இருந்தால் நம் அரசுகளும் செய்ய முடியும் என்பதற்கு அண்மைக் கால உதாரணமே உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. குறைந்தபோது, பழைய விலை அச்சிட்டு ஏற்கனவே வெளியே வந்துவிட்ட சரக்கு என்ன ஆவது என்ற கேள்வி எழுந்தது. பழைய விலை தெரியும்படியே திருத்திய விலையை ஒட்டியோ முத்திரையிட்டோ விற்கலாம் என்று மத்திய அரசு காலக்கெடு வைத்து அனுமதி கொடுத்தது. பழைய சரக்கு என்ற ஒன்று இருக்கிறது என்பதை அரசு நினைத்துப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த நினைப்பு ஒவ்வொரு சட்டத்திலும் இருக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

சங்கங்கள் கேட்க வேண்டியவை

அளவு வைத்து எந்த விதி வந்தாலும், நமது சங்கங்கள் "இந்தச் சட்டமே வேண்டாம்" என்று கடையடைப்பில் தொடங்குவதை விட, நான்கு வாசகங்களைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

ஒன்று, அளக்கும் முறை. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்தக் கருவியால், எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது விதியிலேயே இருக்க வேண்டும். கடைக்காரர் தாமே அளந்து பார்க்க முடியாத அளவாக இருந்தால், தயாரிப்பாளர் அச்சடித்த உறுதியும் கொள்முதல் பில்லும் அவருக்குக் கவசமாக வேண்டும்.

இரண்டு, ஒரே தேதி. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் முறைப்படி வாங்கிய சரக்கு குற்றமாகக் கூடாது. கனடாவில் எட்டு ஆண்டுகள் கழித்துத் திருத்தியதை, நாம் முதல் நாளிலேயே திருத்தமாக எழுதச் சொல்லலாம்.

மூன்று, கையிருப்பு. விற்றுத் தீர்க்க அவகாசம், அல்லது தயாரிப்பாளர் திரும்ப எடுத்துக்கொள்ளக் கட்டாயம், அல்லது ஈட்டுப் பணம். மூன்றில் ஒன்று இருந்தே தீர வேண்டும்.

நான்கு, எல்லோருக்கும் ஒரே அளவு. செய்கிறவருக்கும், இறக்குமதி செய்கிறவருக்கும், பெரிய அங்காடிக்கும், தெருமுனைப் பெட்டிக் கடைக்கும் வேறு வேறு கோடு கூடாது. சோதனை தொழிற்சாலை வாசலில் தொடங்க வேண்டும்.

வரைவு விதிகளை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்பது அரசுகளின் வழக்கம். அந்த நாட்களில் நம்மில் எத்தனை பேர் எழுதிப் போடுகிறோம்? அபராத ரசீது கைக்கு வந்த பிறகு போடும் கூச்சலில் பாதியை வரைவு வந்த அன்றே போட்டால் பலன் அதிகம்.

நாம் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே, ஒரு மைக்ரான் மேலே என்று வரும் சரக்கைக் கம்பெனி ஆள் கொண்டுவந்து, "இது சட்டப்படி சரி, தைரியமாக எடுங்கள்" என்பார். இன்றைக்குச் சரிதான். ஆனால் சட்டம் எதைத் தடுக்க நினைக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால், அந்தச் சரக்குக்கு எவ்வளவு ஆயுள் என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட சரக்கை ஒரு மாத விற்பனைக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று கிடங்கை நிரப்பினால், கோடு நகரும் நாளில் நமது முதல் அங்கேயே முடங்கிவிடும். கம்பெனி அடுத்த அளவுக்கு மாறிக்கொள்ளும். நாம்தான் மிஞ்சிய மூட்டையோடு நிற்போம்.